முறுக்கின் வலது கன்னம்

படித்த மனிதர்கள் செய்யும் தவறுகளுக்கு ஒரு சிறப்பு உண்டு: அவை தீர ஆராய்ந்த பிறகே செய்யப்படுகின்றன. கல்லூரியில் தருக்கவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் ஒரு நாய்க்குக் காப்பீடு எடுத்த வரலாறு இதற்குப் போதிய சான்று.

நாயின் பெயர் முறுக்கு. வாலைப் பார்த்து என் மனைவி சரோஜா வைத்த பெயர். மயிலம் கோயிலுக்குப் போய்த் திரும்புகையில், கூட்டேரிப்பட்டுப் பேருந்து நிறுத்தத்தில் தன் பின்னாலேயே வந்த குட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பேருந்தில் ஏறிவிட்டாள். எனக்கு எதுவும் தெரியாது. ("சாரு, உங்க வூட்டம்மா பையி கொலைக்குதுங்க" என்று நடத்துனர்தான் அறிவித்தார்.) திண்டிவனத்தில் நாங்கள் மூவராக இறங்கினோம்.

சரோஜா சென்ற ஆண்டு மறைந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அதன் பிறகு முறுக்கு இலேசாக இருமினாலும் நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒரு நாள் அது உணவைத் தொடவில்லை. மறுநாள் வழக்கம்போலத் தின்றது. ஆனால் இடைப்பட்ட பொழுதில், நாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

சென்னையில் இருக்கும் மகள் நிர்மலா தொலைபேசியில் சிரித்தாள். "ஏம்ப்பா, உங்க பிரஷருக்கு ஒரு பாலிசி எடுங்கன்னா எப்பப் பாத்தாலும் 'ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்'னு சொல்றீங்க. முறுக்குக்கு மட்டும் உடனேயா?"

"உடனே அல்ல. இதையும் ஆராய்ந்த பிறகுதான்."

ஆராய்ந்தேன். பல நிறுவனங்களின் விதிகளை அச்செடுத்து, முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில்கூடக் காட்டாத சிரத்தையோடு அடிக்கோடிட்டேன். 'முன்பே இருந்த நோய்களுக்கு இழப்பீடு இல்லை' என்ற விதி என்னை உறுத்தியது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, "முன்பே இருந்தும் எவருக்கும் தெரியாமல் இருந்த நோய், இருந்ததாகக் கருதப்படுமா?" என்று கேட்டேன். "லைன்ல இருங்க சார்" என்றாள் ஒரு பெண். இனிய இசை ஒலித்தது. (அந்தப் பெண் இன்னும் திரும்பி வரவில்லை.)

இறுதியில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். விண்ணப்பத்தில் 'இனம்' என்ற இடத்தில் குளிர்நாட்டு நாய்களெல்லாம் வரிசையாக நின்றன. நம் தெரு நாய் கடைசியில் 'மற்றவை'யில் இருந்தது. சரோஜா இருந்திருந்தால் அந்த நிறுவனத்தோடு சண்டை பிடித்திருப்பாள்.

புகைப்படமும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நெடுங்காலமாகச் சமைக்கும் பிலோமினாம்மா முறுக்கைப் பிடித்துக்கொள்ள, நான் கைபேசியில் எடுத்தேன். எடுப்பதற்கு முன் அவர் அதன் வலது கன்னத்தில் கண்மையால் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"எதுக்கும்மா இது?"

"போட்டோவுல எத்தினி பேர் பாப்பாங்களோ. கண்ணு பட்டுடும் சார்."

"நீங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தானே?"

"கண்ணுக்கு வேதக்காரங்க, இந்துன்னெல்லாம் தெரியுமா சார்? நீங்க ஜல்தியா எடுங்க, கொழம்பு அடிபுடிக்குது."

அன்று மாலையே விண்ணப்பத்தை நிரப்பினேன். 'தனித்த அடையாளங்கள்' என்ற இடத்தில், திண்டிவனத்துப் பழுப்பு நாய்கள் ஆயிரத்திலிருந்து இதை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று திகைத்தேன். நாய் என் காலடியில்தான் படுத்திருந்தது. நானோ புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டு வைத்ததை முற்றிலும் மறந்து, 'வலது கன்னத்தில் வட்டமான கரும்புள்ளி' என்று நிறைவோடு எழுதினேன். அடுத்த குளியலில் புள்ளி போய்விட்டது. அதையும் நான் கவனிக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, மாம்பழப் பருவத்தில், முறுக்கு ஒரு மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. குடலில் அடைத்துக்கொண்டது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது என்று விழுப்புரத்தில் கால்நடை மருத்துவர் சொன்னார். அறை தயாராகும்வரை, அதை என் மடியில் கிடத்திக்கொண்டு நானும் பிலோமினாம்மாவும் காத்திருந்தோம். என் ஒரு பக்கம் ஆட்டோடு ஓர் அம்மாள், மறுபக்கம் கக்கத்தில் சேவலோடு ஒருவர்.

அப்போதுதான், வரும் வழியிலேயே நான் தகவல் சொல்லியிருந்த காப்பீட்டு நிறுவனத்திலிருந்து காணொளி அழைப்பு வந்தது. இளைஞர் ஒருவர்.

"சார், ரைட் கன்னத்துல கரும்புள்ளின்னு போட்டிருக்கு. கேமராவக் கிட்ட கொண்டாங்க. இன்னும் கிட்ட. புள்ளி இல்லையே சார்?"

நான் பிலோமினாம்மாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அய்யோ சார், அது நான் வெச்ச மைதானே!" என்றவர், பேரக்குழந்தைக்கென்று பையில் எப்போதும் வைத்திருக்கும் கண்மையை எடுத்தார். "ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க. வெச்சுட்றேன்." வைத்தும் விட்டார்.

"சார், இப்பதான் வெச்சாங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் இளைஞர். சேவல்காரர் சத்தமாகவே சிரித்துவிட்டார். தருக்கவியல் கற்பித்தவனின் கண்முன்னே ஓர் ஆதாரம் உற்பத்தி செய்யப்பட்டிருந்தது.

"சார், நேரடியாவே கேக்குறேன். இது உங்க நாய்தானா?"

எளிய கேள்வி. ஆட்டுக்காரம்மாளிடம் கேட்டிருந்தால் அவரே 'ஆமாம்' என்று சொல்லியிருப்பார். நான் யோசித்தேன்.

"இல்லை" என்றேன். "துல்லியமாகச் சொன்னால், என் மனைவியின் நாய்."

"அப்ப மேடத்துக்கிட்ட போனக் குடுங்க சார்."

மடியில் முறுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிலோமினாம்மா என் கையிலிருந்து கைபேசியைப் பறித்தார்.

"தம்பி, அம்மா எறந்துட்டாங்கப்பா. அவங்க போனதுக்கு அப்பால இந்த நாய் ஒண்ணுதான் வூட்ல ஓடிக்கினு ஆடிக்கினு இருக்குது. சாரு படிச்சிப் படிச்சிக் கெட்டவரு. அவரு சொல்றத வெச்சி நீ பேஜாரு பண்ணாத."

"சாரி சார்" என்றார் அந்த இளைஞர். "பாலிசிக்கு முந்தி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? பொட்டு இல்லாம?"

அதற்குள் மருத்துவர் கதவைத் திறந்தார். "நாய் யாருதுன்னு அப்புறமா முடிவு பண்ணிக்கலாம் சார். மொதல்ல கொட்டைய எடுத்துடுவோம்." முறுக்கு உள்ளே போனது.

புகைப்படங்கள் இருந்தன. நான்தான் அவற்றைத் திறக்காமல் இருந்தேன். திறந்தேன். மாடிப்படியில் சரோஜா, மடியில் முறுக்கு. கேமராவைப் பார்க்க மறுக்கும் அதன் தாடையைப் பிடித்து வலுவில் திருப்பியிருக்கிறாள். வலது கன்னம் துல்லியமாகத் தெரிந்தது, புள்ளியின்றி. அனுப்பி வைத்தேன். அனுப்பிய பிறகும் கைபேசியை அணைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மருத்துவர் ஒரு தட்டில் மாங்கொட்டையோடு வெளியே வந்தார். "பொழச்சிக்கும் சார்." பிலோமினாம்மா சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். நான் அந்தக் கொட்டையை ஏதோ அரும்பொருளைப் போல வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆராய்ந்தேன். (வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.)

நிறுவனம் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டது. திருத்திய பாலிசியில் 'கரும்புள்ளி (அழியக்கூடியது)' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அதோடு விவகாரம் முடிந்திருக்கலாம். என் குடும்பம் முடிய விடவில்லை. இன்று எங்கள் வீட்டில் ஒரு குடையோ மூக்குக்கண்ணாடியோ கேட்பாரற்றுக் கிடந்தால் நிர்மலா கையில் எடுத்துக் காட்டுவாள்: "அப்பா, இது உங்களுதா? அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." மருமகன் ஒரு படி மேலே போய், தன் மகளை என்னிடம் காட்டியே அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

சென்ற வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வாசலில் வந்து நின்றார். முறுக்கு என் பின்னால் ஒளிந்திருந்தது.

"சார், இது உங்க நாயா?"

விடுமுறைக்கு வந்திருந்த நிர்மலா கையிலிருந்த காப்பியோடு அப்படியே நின்றாள். பிலோமினாம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன், யோசிக்காமல். "என் நாய்தான்."

"நல்லதாப் போச்சு சார்" என்றார் அவர். "அது வாயில இருக்கறது என் செருப்பு."