ஆர் செத்தது என்று கேட்கப்போய்

பியோர்ண்டால், ஒஸ்லோ
திங்கட்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி அந்தோனியம்மாவுக்குச் செசிலியம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான், மகள் இமெல்டா, உங்கள் மூத்த மகன் றஜீவ், பேத்தி எம்மா நால்வரும் மாதாவின் தயவால் சுகம். பேர்கனில் நீங்களும் உங்கள் முழங்காலும் அவ்வாறே சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நேற்றுத் தொலைபேசியில் நாற்பது நிமிடம் கதைத்தீர்கள். அதில் எனக்கு மூன்று ‘ஓம்’ சொல்ல இடம் கிடைத்தது. மிச்சத்தை எழுத்தில் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கலியாண அழைப்பிதழில் இருந்த ஒரு பிழையை மண்டபத்தில் மேசை மேசையாகக் காட்டித் திரிந்ததுபோல் இதையும் காட்டவேண்டாம்.

உங்கள் கேள்வி எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “பெட்டைப்பிள்ளையின்ரை கையிலை செத்தவீட்டு வாத்தியத்தைக் குடுத்துப்போட்டு என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள்?” நியாயமான கேள்வி. ஆனால் அதை முதலில் கேட்டவள் நான். போன வருடம் ஐப்பசியில், நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்றாம் மாதம், ஒருநாள் பின்னேரம் எங்கள் மாடிவீட்டின் கீழே பாண்ட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நீலக் கோட்டு, பொன் பொத்தான், குழல், மேளம், எல்லாம் எங்கள் தீவில் பிரேதத்தின் முன்னால் போகிற பாண்ட்காரர் மாதிரியே. அடிக்கிறவர்கள் மட்டும் சின்னப் பிள்ளைகள். ஐயோ, ஏதோ குழந்தை போய்விட்டது, அதனால்தான் குழந்தைகள் அடிக்கிறார்கள் என்று என் நெஞ்சு பதறியது. அயலில் செத்தவீடு என்றால் அறியாத வீடாக இருந்தாலும் போய் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எங்கள் வாசலுக்கு ஆர் வருவார்கள்? வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு கீழே இறங்கினேன். முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்து, “ஆர் பிள்ளை செத்தது?” என்று கேட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்தால் வந்த எம்மா எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

“அம்மம்மா, ஒருத்தரும் சாகேல்லை. இது எங்கடை ஸ்கூல் கோர்ப்ஸ், பள்ளிக்கூடப் பாண்ட். பள்ளிக்கூடம் முடியப் பழகிறவை.”

“அப்ப இவ ஏன் அழுகிறா?”

“நீங்கள் அழுததாலை. இவ்வளவு நாளும் தங்கடை பாட்டைக் கேட்டு ஒருத்தரும் அழேல்லையாம். உங்களுக்கு இசையெண்டால் உயிரோ எண்டு கேக்கிறா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

அந்தப் பெண்ணின் பெயர் ஹில்டே, அந்தக் குழுவின் தலைவி. அன்றே என் பெயரையும் எம்மாவின் பெயரையும் எழுதிக்கொண்டாள். அடுத்த கிழமை உங்கள் மகன் றஜீவ் குழுவிடமிருந்து வந்த நான்கு பக்கக் கடிதம் ஒன்றை வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வாசிக்காமல் கையெழுத்து வைப்பது உங்கள் வீட்டு வழக்கமா என்று நான் கேட்கவில்லை. எம்மாவுக்கு ட்றொம்போன் என்று ஒரு குழல் கொடுத்தார்கள், இழுத்து நீட்டினால் பிள்ளையைவிட நீளம். முதல் மாதம் அவள் ஊதியதைக் கேட்டு மேல்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயில் ஏதோ அடைத்துவிட்டது என்று ஆள் கூப்பிட்டார். உங்கள் பேர்கனிலும் இப்படிப் பாண்ட்கள் உண்டு, நீங்கள் மழைக்குப் பயந்து யன்னல் திறக்காததால் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளை ஊதுவதானால் வீட்டார் டுக்நாட் செய்யவேண்டும். டுக்நாட் என்றால் சம்பளமில்லாத வேலை. போகாவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள், மற்றமுறை காணும்போது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை விட எங்கள் ஊர் ஏச்சு எவ்வளவோ மேல். இமெல்டாவுக்கு முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை, உங்கள் மகனுக்கு முதுகுவலி, அது டுக்நாட் நாட்களில் மட்டும் வருகிற வலி. ஆகவே எல்லாம் என் தலையில். பழைய சாமான் சந்தைக்குக் கதிரை தூக்கினேன், கேக் வேண்டும் என்றார்கள், நான் கடலைவடை சுட்டேன், அது அரைமணி நேரத்தில் முடிந்தது, அவர்களின் கேக் பின்னேரம்வரை இருந்தது. அதன்பிறகு ரொயிலெற் பேப்பர். வாத்தியத்துக்கும் வாத்தியாருக்கும் உதவி என்று ஒவ்வொரு வீடும் பொதி பொதியாக அதை விற்கவேண்டும். எங்கள் வரவேற்பறையில் திருஇருதயப் படத்தை மறைத்து முகடுவரை அடுக்கிவிட்டார்கள். உங்கள் மகன் ஒருநாள் விற்கப் போனார். மணியை அடித்தார், கதவு திறக்க, “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அத்தனை பொதியையும் தமிழ்ப் பூசை முடிந்த வாசலில் நின்று நான் விற்றேன். எனக்கு வியாபாரம் தெரியாது, ஞாபகம் தெரியும். அங்கே வருகிறவர்களில் பாதி எங்கள் தீவார், ஊரில் ஆருடைய முதல்நன்மை விருந்துக்கு நான் எத்தனை இடியப்பம் அவித்தேன், ஆர் என் கணவரின் செத்தவீட்டுக்குத் தலைவலி என்று வரவில்லை, எல்லாம் தேதியோடு சொன்னேன். ஆளுக்கு இரண்டு பொதி வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் பதினொரு பிள்ளைகள்தான் இருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்து ஆகாவிட்டால் வாத்தியாரை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம், வாத்தியங்களைத் திருப்பி வாங்குவார்களாம், மே பதினேழு தேசிய தின ஊர்வலமும் இல்லையாம். பிள்ளை பிடிக்கிற வேலையும் என்னிடம் வந்தது. எங்கள் சனத்திடம் போனால் கணக்கு வகுப்பு, நீச்சல், சனிக்கிழமைத் தமிழ், பரதம், ஒரு பிள்ளைக்கும் மூச்சுவிட நேரமில்லை, பிறகெங்கே குழல் ஊத? பக்கத்துப் படிக்கட்டு வீட்டில் இருக்கும் பத்மநாதன் வாசலிலேயே நிறுத்தினார்.

“அக்கா, பாண்ட் அடிச்சு டொக்டராக ஏலுமோ?”

“உன்ரை மூத்தவன் அடிக்காமலே ஆகேல்லைத்தானே.”

“அது வேறை கதை.”

“அப்ப இளையவளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார்ப்பம். கூப்பிடு பிள்ளையை.”

அவருடைய மகள் மிதுனா இப்போது புல்லாங்குழல். அப்படி அப்படியே இன்னும் இரண்டு. பதினான்கோடு நின்றுவிட்டது. பதினைந்தாவது பிள்ளை இந்தப் பியோர்ண்டாலில் பிறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நேற்று நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குமுன் எம்மாவை நிற்பாட்டி எழுதிக் கொடுக்கும்படி றஜீவுக்குச் சொன்னீர்கள். நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கவே அவரும் நிற்பாட்டும் கடிதத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டார். உங்கள் இளைய மகனின் பிள்ளை றொபின் இங்கே பக்கத்து ஹவுகெட்டோவில் எவ்வளவு ஒழுங்காக வயலின் வகுப்புக்குப் போகிறான், அவனைப் பார்த்துப் படியுங்கள் என்றீர்கள். நானும் ஓம் என்றேன். எம்மா உங்களோடு வாதாடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, குளியலறையில் குந்தியிருந்து பழைய காலுறையால் அந்தக் குழலைத் துடைத்தாள். ஏன் பிள்ளை என்றேன். “திருப்பிக் குடுக்கேக்கை ஊத்தையாய் இருக்கக்கூடாது, அம்மம்மா. அடுத்த பிள்ளை ஊதவேணும்” என்றாள். அடுத்த பிள்ளை இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியபோது நான் கற்பலகையை உடைத்துவிட்டு வந்தவள். இவள் ஆரைக் கொண்டு பிறந்தாளோ தெரியாது, உங்கள் பக்கமாக இருக்காது.

ஆகவே நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். நானும் உங்கள் பக்கமே. சத்தம், வடை, பேப்பர் எல்லாம் ஒழியும், திருஇருதய ஆண்டவரும் வெளிச்சத்தைக் காண்பார். பதினான்கு பதினான்குதான். உங்கள் செபத்துக்கு எப்போதும் பலன் உண்டு, அதை நான் கலியாண நாளன்று மழை பெய்தபோதே கண்டேன்.

உங்கள் முழங்கால் நோ இறங்கவும், பேர்கன் மழை ஒருநாளாவது விடவும், உங்கள் நாவுக்கு ஓய்வு கிடைக்கவும் தினமும் ஒரு செபமாலை சொல்லும்,

சம்பந்தி
செசிலியம்மா

பி.கு.: மேலே பதினான்கு என்று எழுதியது நேற்று மத்தியானக் கணக்கு. நீங்கள் எடுத்தபோது என் கை முழுக்க இடியப்ப மா, அதனால் எம்மா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். உங்கள் இளைய மகன் அருளானந்தனும் றொபினும் சாப்பிட வந்து மேசையில் இருந்தார்கள். றொபின் ஆறு கிழமையாக வயலின் வகுப்பு என்று சொல்லிவிட்டு எங்கள் பாண்டில் மேளம் அடிக்கிறான், பதிவதற்குத் தகப்பனின் கையெழுத்து மட்டும்தான் குறை. நாற்பதாவது நிமிடத்தில் நீங்கள், “இனி உங்கடை விருப்பம், என்னவெண்டாலும் செய்யுங்கோ” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். நாற்பது வயதிலும் உங்களைக் கேளாமல் தலைமயிர் வெட்டாத அருளானந்தன் உடனே, “அம்மாவே சொல்லிப்போட்டா” என்று பேனை கேட்டார். றஜீவ் மேசையில் கிடந்த தன் கடிதத்தைக் கிழித்தார். பதினைந்து. ஹில்டேக்கு உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், நன்றிக் கடிதமும் எட்டுப் பொதி ரொயிலெற் பேப்பரும் உங்களுக்கு வரும், நனையமுதல் உள்ளே எடுங்கள். மே பதினேழுக்குக் கட்டாயம் வாருங்கள். வெள்ளைச் சேலை மட்டும் உடுத்தவேண்டாம், பெயரை எழுதிப்போடுவார்கள்.