மணியக்காரர் செருப்பின் சத்தம்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாமக்கல் மலை பெயர்ந்து வந்து என் தலையில் விழட்டும். மணியக்காரர் காளியண்ணன் கள்ளை வாயில் வைக்காதவர் என்பது உண்மை. ஆண்டியைப் போலச் செருப்புத் தைக்கப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆள் கிடையாது என்பதும் உண்மை. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

பெரிய மனிதர் செருப்பு என்றால் அந்தக் காலத்தில் கத்த வேண்டும். கத்தாத செருப்போடு வருகிறவனை நாய்கூட நிமிர்ந்து பார்க்காது. அடித்தோல் இரண்டுக்கும் நடுவே காய்ந்த தோல் துண்டு ஒன்றை வைத்து ஆண்டி தைத்துக் கொடுத்த சோடி, காளியண்ணன் வாசலைத் தாண்டும்போதே காவிரிக்கு அக்கரையில் கொக்குகளைக் கிளப்பிவிட்டது.

அந்த வருடம்தான் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். தோப்பில் திருட்டுக் கள் இறக்குகிறவர்களைப் பிடிப்பது மணியக்காரர் பொறுப்பு. விடியுமுன் அவர் புறப்படுவார். 'கிறீச்' என்று கேட்கும். இறக்கிய கலயத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவிடுவார்கள். ஒருவரும் சிக்கவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி நேரில் வந்து, நீர் ஆளைப் பிடிக்கப் போகிறீரா, மேளத்தோடு பெண் அழைக்கப் போகிறீரா என்று கேட்டார். காளியண்ணன் உடனே ஆண்டியை வரவழைத்து, இன்ஸ்பெக்டர் எதிரிலேயே உறுமினார்.

"இந்தச் சத்தத்தை எடுக்கலீன்னா, தண்ணி எறைக்கிற பறி தைக்கிற வேலை இனி உனக்கில்ல. சேந்தமங்கலத்துல இருந்து ஆளக் கொண்டாருவேன்."

ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் தோல் பறி தைப்பதற்குக் கூலியாக வருகிற கம்புத் தானியத்தில்தான் ஆண்டி வீட்டு அடுப்பு எரிந்தது.

"வெக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கத் தெரியாதுங்களா சாமி," என்றார் ஆண்டி.

நடுவே வைத்திருந்த தோல் துண்டை உருவினார். விளக்கெண்ணெய் பூசினார். தாமே போட்டு நடந்து பார்த்தார். எறும்பு போகிற சத்தம்தான் கேட்டது. மறுநாள் தோப்பில் மறுபடி கிறீச். போதாததற்கு எண்ணெய் வழுக்கி மணியக்காரர் வாய்க்காலில் விழுந்தார். அந்தச் சத்தம் தனி.

ஆண்டி அடித்தோலையே மாற்றி வெள்ளாட்டுத் தோல் வைத்தார். இந்தத் தடவை இடது செருப்பு மட்டும் கத்தியது. வலது வாயைத் திறக்கவில்லை. ஒற்றைக்கால் முனி வருகிறது என்று, கள் இறக்குகிறவர்களோடு எருமை மேய்க்க வந்தவர்களும் ஓடினார்கள். எருமைகள் அதற்கு முன்பே ஓடியிருந்தன.

நாளை மறுநாள் நானே கூட வருவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினார். சேந்தமங்கலத்துக்கும் ஆள் போய்விட்டது.

ஆண்டி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மெழுகு ஏற்றிய நூலால், காற்றுப் புகாமல், நெருக்கி நெருக்கித் தைத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. விடிந்ததும் மணியக்காரர் வீட்டுக்கே போனார். புறவாசலில் செருப்பு கிடந்தது. எடுத்து வளைத்தார்.

கிறீச்.

திருப்பிப் பார்த்தார். அடியில் அவருடைய தையல் இல்லை. மாடு மோண்டுகொண்டே நடந்த தடம் மாதிரி ஒரு தையல் ஓடியது. பிழைப்புப் போவதைக்கூடப் பொறுத்திருப்பார். அந்தத் தையலை அவரால் பொறுக்க முடியவில்லை.

சாணி கரைத்துக்கொண்டிருந்த நல்லம்மாளிடம் போய் நின்றார். மணியக்காரர் மனைவி அவர்.

"ஏனுங் ஆத்தா, என் வேலயப் பிரிச்சுப்போட்டு இப்படிக் கோணத் தையல் போட்டவன் ஆருங்க? அவன் மூஞ்சியப் பாக்காம நான் போகமாட்டனுங்க."

நல்லம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு காளியண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தா படுத்திருக்கறாரே, அவருதான் ஆண்டி. சத்தங் கேட்டு அவனுங்க ஓடுனாத்தான, தோப்புல கெடக்கற கலயமெல்லாம் இவருக்கு மிஞ்சும்."