சந்தோஷத்தை அளந்து சாப்பிட்டவர்

தாம்பரத்துக்குத் தெற்கே, சந்தோஷத்தைக் கண்டு இவ்வளவு பயந்த மனிதர் வேறு யாரும் பிறக்கவில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவருக்குப் பெயர் டோபமைன் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. நான் அக்கவுன்ட்ஸ், அவர் தரப் பரிசோதனை. முடிச்சூரில் ஏறுவார். உட்காருவதற்குள் பாடம் ஆரம்பித்துவிடும்.

“டோபமைன்னா வெறும் சந்தோஷ கெமிக்கல்னு நினைக்காதீங்க மேடம். மூளையோட ரத்தக்குழாய்லயும் அதுக்கு வேலை இருக்கு. கொஞ்சமா இருந்தா குழாய் விரியும், ரத்தம் நல்லா ஓடும். அளவு மீறினா சுருங்கிடும்.”

“இன்னா சார், மூளைக்குள்ளயும் பெருங்களத்தூர் சிக்னலா?” என்பார் டிரைவர் டேவிட் அண்ணன்.

இதுவரை சார் சொன்னது எங்கேயோ படித்தது, பெரிய தப்பில்லை. இதற்கு மேல் சாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆகவே சந்தோஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உட்கொள்ள வேண்டுமாம்! பிரியாணியைப் பாதியில் மூடி வைப்பார். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் டிவியை அணைத்துவிட்டு, முடிவை மறுநாள் எங்களிடம் கேட்பார். அதையும் “மெதுவா சொல்லுங்க” என்பார். மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது ஆளைக் காணோம். மண்டப வாசலில் நின்று பார்க்கிங்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

இத்தனை கட்டுப்பாடான மனிதருக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு? டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவர் தொடவே இல்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பேத்தி பிறந்தாள். மறுநாள் காலை போனில் இருந்த படத்தை பஸ் முழுக்கக் காட்டினார். அளவாவது ஒன்றாவது! மூக்கு தன்னுடையது என்றார்; கொட்டாவிகூடத் தன்னுடையதாம். வண்டலூர் தாண்டியதும் வழக்கமான பாடத்துக்கு வந்தார்.

“டோ... டோ...”

பஸ்ஸே சிரித்தது. “சாருக்கு ஓவர்டோஸ்!” என்று யாரோ கத்தினார்கள். போன் அவர் வலது கையிலிருந்து நழுவி என் காலடியில் விழுந்தது. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“அண்ணா, ஆஸ்பத்திரிக்கு விடுங்க!”

டேவிட் அண்ணன் காரணம் கேட்கவில்லை. “கம்பெனி எங்கயும் ஓடிடாது. எல்லாரும் கெட்டியா புட்ச்சுக்கோ!” என்று மொத்த ஷிஃப்டோடு பஸ்ஸைத் திருப்பினார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், மூளைக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது.

நாங்கள் பார்க்கப் போனபோது, சார் குழறிக் குழறி டாக்டருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்த சந்தோஷம் அளவு மீறி, குழாய் சுருங்கிவிட்டதாம்.

“பேத்தி பிறந்ததுக்காக யாருக்கும் ஸ்ட்ரோக் வராது சார்,” என்றார் டாக்டர். “பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?”

சார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: “மாத்திரையா? பிரியாணியையாவது பாதி சாப்பிடுவார் டாக்டர்!”

இப்போது மீண்டும் பஸ்ஸுக்கு வருகிறார். மாத்திரையை மனைவியே அவர் வாயில் போட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அனுப்புகிறார். பாடம் மாறவில்லை, பேச்சுதான் தந்தியடிக்கிறது. சாயங்காலம் முடிச்சூர் வரும்போது பாதி வாக்கியத்தில் இருப்பார், அடுத்த சொல் அகப்படாது. டேவிட் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருப்பார். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார்கள்.

அடிக்கட்டும். சார் நிதானமாகச் சொல்லி முடிக்கட்டும். எங்களுக்கு வீட்டில் ஒன்றும் அவசரமில்லை.