காலிப் பக்கத்தில் கூட்டம்

‘மார்ச் 4. இன்று ஒரு சிறு பிழை தெரிந்தது. கடை இணையதளத்தில் “சர்வீஸ்” பட்டனை எந்தப் பக்கத்தோடும் இணைக்காமல் விட்டிருக்கிறேன். அழுத்துகிறவர்களுக்கு “வருந்துகிறோம். நீங்கள் தேடிய பக்கம் கிடைக்கவில்லை” என்று வருகிறது. என் பிழைதான் என்று நினைக்கிறேன்.’

பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பது தெரிந்த நாளுக்குப் பிறகு அரியலூர் கண்ட மாபெரும் கண்டுபிடிப்பு, ஷாலினி மேரியின் இந்த நாட்குறிப்பில்தான் தொடங்குகிறது.

‘வளர்பிறை மோட்டார்ஸ்’ ஆழ்துளைக் கிணறுகளுக்குப் போர் மோட்டார் விற்கும் கடை. ஷாலினி அதன் கணினிப் பிரிவு. பிரிவு முழுவதும் அவள் ஒருத்தியே. மாலையில் பெரம்பலூருக்கு பஸ் ஏறி டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்புக்குப் போவாள். ‘யாரும் கவனிக்காத பக்கத்திலும் வருகிறவரின் செல் நம்பரை வாங்கிவிடுங்கள்’ என்பது அந்த வாரப் பாடம். பாடத்தையும் பிழையையும் ஒன்றாகவே முதலாளி கலையரசனிடம் சொன்னாள்.

“நம்ம சைட்டுல ஜனம் அதிகமா வர்றது எந்தப் பக்கத்துக்கு?”

“பக்கம் கிடைக்கவில்லைங்கிற பக்கத்துக்குத்தான் சார்.”

கலையரசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அப்ப அதாம்மா நம்ம கடைத்தெரு!”

“என் தப்பு சார். இன்னைக்கே சரி பண்ணிடுறேன்.”

“கைய வச்சிராத! தானா கூடுன கூட்டத்தக் கலைக்கப் பாக்குறியே.”

அன்றே மூவர் அடங்கிய ‘காணாப்பக்க மேம்பாட்டுக் குழு’ கூடியது. பெயர், ஊர், செல் நம்பர் கேட்கும் கட்டங்கள் அந்தப் பக்கத்தில் ஏறின. “வருத்தமெல்லாம் வியாபாரத்துக்கு ஆவாது” என்று கலையரசன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது ஏகமனதாக நிறைவேறியது. பக்கம் இப்போது இப்படிப் பேசியது: ‘வருக! நீங்கள் தேடிய பக்கம் கிடைக்கவில்லை.’

நம்பர்கள் கொட்டின. போன் பேசும் வேணி ஒவ்வொருவராக அழைத்தாள். உடையார்பாளையம் செல்லக்கண்ணுவும் கிடைத்தார்.

“அண்ணே, வளர்பிறைலேர்ந்து பேசுறேன். புது மோட்டார் பாக்குறீங்களா?”

“உங்ககிட்ட வாங்குன மோட்டாரே ஓடலம்மா. கடலை பூவெடுத்து நிக்கிது. ஒரு ஆள அனுப்புங்க.”

‘மோட்டாரில் தீவிர ஆர்வம்’ என்று வேணி குறித்துக்கொண்டாள். ஆள் வரும் வரும் என்று பார்த்த செல்லக்கண்ணு மறுபடியும் கட்டங்களை நிரப்பினார். மறுபடியும் புது மோட்டார் வேண்டுமா என்று கேட்டார்கள். குழு அவரை ‘விசுவாச வாடிக்கையாளர்’ ஆக்கிக் கைதட்டியது. ஷாலினியும் தட்டினாள், கொஞ்சம் மெதுவாக.

அடுத்த வாரம் செல்லக்கண்ணு நேரிலேயே வந்து, வாடிய கடலைச் செடி ஒன்றைக் கலையரசனின் மேஜையில் வைத்தார்.

“பாத்தியாம்மா, ஆளையே கூட்டியாந்திருச்சு நம்ம பக்கம்!” என்றார் கலையரசன்.

“ஏங்க மொதலாளி, தீவாளிக்கு வாங்குன மோட்டாருங்க. நாளைக்குள்ள தண்ணி பாயலேன்னா பூவெல்லாம் கொட்டிப்போவும். அப்பறம் நீங்க போன் பண்ணா வெறுங்கொடிதான் எடுத்துப் பேசும்.”

ஷாலினி கணினிப் பக்கம் திரும்பினாள். “சார், அந்தப் பட்டன இப்பவே இணைச்சிடுறேன். யாரு நம்பரப் போடட்டும்?”

கலையரசன் மின்விசிறியைப் பார்த்தார். “மெக்கானிக் மாயவன் பொங்கலோட நின்னுட்டானே.”

“அப்பறம் வேற யாரு சார்?”

“வேற ஆளு எதுக்கு? அதான் போன் பேச வேணி இருக்குல்ல.”

ஆக, ஷாலினி எதையும் இணைக்க மறக்கவில்லை. இணைப்பதற்கு அந்தப் பக்கம் சர்வீஸ் என்று ஒன்றுமே இல்லை. வளர்பிறையின் இணையதளம் முழுவதிலும் உண்மை பேசியது அந்தக் ‘கிடைக்கவில்லை’ பக்கம் ஒன்றுதான்; அதிலிருந்தும் ‘வருந்துகிறோம்’ என்பதை அழித்தது அவள் கை.

‘மார்ச் 11. நாளைய வேலை: விடிந்ததும் மாயவன் அண்ணன் வீட்டுக்குப் போய் அவரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் உடையார்பாளையம் போக வேண்டும். செல்லக்கண்ணு அண்ணனின் மோட்டாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.’