ஐந்தாம் எழுத்து விடுபட்ட வெள்ளிக்காசு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். அங்கு எல்லோரும் சுகம் என்று உன் மனைவி போனில் சொல்லி, உன் அண்ணி என்னிடம் சொல்லிவிட்டாள். ஆகவே பதிலில் அதை எழுதி இடத்தை வீணாக்காதே. அப்பாவின் சுவர்க்கடிகார விஷயமாக நாம் பேச்சை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. கடிகாரம் எனக்குத்தான் என்பதிலும் மாற்றம் இல்லை.

விஷயம் வேறு. அப்பாவின் காரியம் முடிந்த அன்று கடிகாரத்துக்காக மல்லுக்கட்டிய சூட்டில், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கிடந்த இரண்டு வெள்ளிக்காசுகளை, என்ன ஏது என்று பார்க்காமல் ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? போன மாதம் பொத்தான் டப்பாவைக் கிளறும்போது என்னுடையது கையில் அகப்பட்டது. நூலகத்துக்கு எடுத்துப் போனேன். நூலகர் அம்மா தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்து மேஜையில் போட்டார். அதில் நம் காசில் இருக்கும் அதே கொக்கி மூக்கு மகாராஜா! பழைய ரோமானியக் காசு. பக்கத்திலேயே ‘மிகச் சாதாரணம், எங்கும் கிடைக்கும்’ என்று போட்டிருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். “பின்னே, உங்ககிட்ட வந்து சேர்ந்திருக்கே!” என்றாள் உன் அண்ணி.

ஆனால் முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் அவ்வளவு சுலபத்தில் விடுவானா? எனக்கு லத்தீன் தெரியாது, பிழை தெரியும். படத்தில் ராஜாவின் தலையைச் சுற்றிப் பதினோரு எழுத்து, என் காசில் பத்து. ஐந்தாவது எழுத்தைக் காணோம்! உடனே காசு ஆர்வலர் சங்கத்தின் செயலாளரைத் தேடிப் போனேன். அவர் பல் டாக்டர். டோக்கன் வாங்கினால்தான் பார்ப்பாராம், வாங்கினேன். டோக்கன் வாங்கியவன் நாற்காலியில் சாய வேண்டுமாம், சாய்ந்தேன். காசை நீட்ட வாயைத் திறந்தேனா, அதற்குள் விளக்கைப் போட்டு, “அஞ்சாவது காணோமே” என்றார். “அதான் டாக்டர் அபூர்வம்!” என்றேன். “அபூர்வமெல்லாம் இல்ல, அம்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் விழறதுதான். பக்கத்துல இருக்கறதும் ஆடுது” என்று ஊசி போட்டு அதையும் பிடுங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் காசைக் காட்ட முடிந்தது. பார்த்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். “இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. வேற யார்கிட்டயாவது இருக்கா?” என்றார். எனக்கு நாக்கு மரத்திருந்தது, கூடவே புத்தியும். “உலகத்துலயே இது ஒண்ணுதான்!” என்றேன்.

அவர் அதை அப்படியே அழைப்பிதழாக அச்சடித்துவிட்டார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் ‘உலகில் ஒன்றே ஒன்று’ என்ற தலைப்பில் நான் பேசுகிறேன். எத்தனையோ பேருடைய பெயரில் கொம்பும் காலும் சரிபார்த்தவன் நான். என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. நாலு முறை படித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பல்லும் ஒரு காரணம்.

நேற்று குளிக்கும்போதுதான் உன் காசு நினைவுக்கு வந்தது. சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எது கொடுத்தாலும், “எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார்” என்று எழுந்து நிற்பவன் நீ. ஆகவே தம்பி, பூதக்கண்ணாடி வைத்து உன் காசின் ஐந்தாவது எழுத்தைப் பார். எழுத்து இருந்தால் சந்தோஷம், உடனே எழுது. இல்லாவிட்டால் நீ பார்க்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. காசை அரிசி டப்பாவின் அடியில் போட்டு மூடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாதே. ஏழு வருடம் வராதவனுக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

நீயும் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் மனைவிக்கு எங்கள் ஆசி. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பல் டாக்டர் போன் செய்தார். “ஒரு காசை மட்டும் காட்டினா தேஞ்சு போச்சுன்னு சொல்லிடுவாங்க சார். அதே எழுத்து இல்லாம இன்னொண்ணும் இருந்தாத்தான் அச்சுலயே பிழைன்னு நிக்கும். அப்பத்தான் அபூர்வம். எங்கேயாவது கிடைக்குமா?” என்றார். என் தம்பியிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ‘என் தம்பி’ என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், பல் பிடுங்கியதில் வாய் குழறுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆகவே மேலே எழுதியதை முழுக்க அடித்துவிடு. காசோடு வா. உன் காசில் எழுத்து இருந்தாலும் வா. அத்தனை பேர் முன்னால் அசடு வழியும்போது பக்கத்தில் நீ இருந்தால் தேவலை. தலைப்பை ‘இரண்டே இரண்டு’ என்று திருத்தச் சொல்லிவிட்டேன். இன்னொன்று. அந்தக் கடிகாரம் இங்கே வந்த நாளிலிருந்து ஓடவில்லை. அதற்குச் சாவி கொடுக்கிற பக்குவம் உனக்குத்தான் தெரியும். சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவாயே என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.