வலியே இல்லாத பன்னிரண்டு முதுகுகள்

மதிப்பீட்டாளர் என்றோர் இனம் உண்டு; நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் காலைச் செருப்பு கடிக்கிறதா என்பதைச் செருப்பை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிற இனம். கையில் அட்டை, அட்டையில் படிவம், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. வாழ்நாளில் தூக்கிய ஆகப் பெரிய சுமை அந்தப் படிவக் கட்டுதான்.

நம்முடையவர் ஒரு சரக்குக் கிடங்குக்கு வந்து சேர்ந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்கென்று புதிதாக வந்திருந்த முதுகுத் தாங்கி தேறுமா என்று பார்க்க வேண்டும். தோளில் ஒரு பட்டை, தொடையில் ஒரு பட்டை, நடுவே முதுகோடு ஓடும் வில்கம்பி. குனிந்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து நிமிர்த்திவிடுவது போலிருக்கும். பன்னிரண்டு பேர் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். இவர் என்ன செய்தார்? தாங்கியை எடை போட்டார், நீளம் அளந்தார், குனிகிறவர்களைப் பக்கவாட்டில் நின்று படமெடுத்தார், மூட்டை சரிந்தபோது நாசூக்காக விலகிக்கொண்டார். ஒரு நாள் தானே மாட்டிப் பார்த்து, கீழே விழுந்த பேனாவைக் குனிந்தெடுத்து, ‘அணிய வசதி’ என்று எழுதினார்.

கடைசி நாள், மேலாளர் அறையில், மேலாளரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தாங்கி போடுவதற்கு முன் வலி பத்துக்கு எவ்வளவு, போட்ட பின் எவ்வளவு, இவ்வளவுதான் கேள்வி.

முதலில் வந்தவர் இருப்பதிலேயே மூத்த சுமைக்காரர். ஆறு மாதமாகக் காலையில் மனைவி கைகொடுத்தால்தான் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறவர், இந்த வாரம் தானாக எழுந்தார். தாங்கி போய்விட்டால் இன்னும் எத்தனை நாள் மூட்டை தூக்க முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். போன மாதம் முதுகு வலி என்று சொன்ன ஒருவருக்கு மறுநாள் வேலை இல்லை. கிடங்கில் அதை அறியாதவர் மதிப்பீட்டாளர் ஒருவர்தான்.

“முன்னாடி எவ்வளவு வலி?”

“எனக்கு ஏது சார் வலி? பூஜ்யம்னு போட்டுக்கோங்க.”

“இப்போ?”

“இப்பவும் அதேதான்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா இது இருந்தா நல்லாருக்கும் சார்.”

“அத எழுத இதுல இடம் இல்லையே,” என்றார் மதிப்பீட்டாளர், உண்மையான வருத்தத்தோடு.

பன்னிரண்டு பேரும் பூஜ்யம். வலி கடுகளவும் குறையவில்லை, ஆகவே தாங்கி அவசியமில்லை என்று அறிக்கை போயிற்று. வலியே இல்லாத ஊழியர்கள் என்று மேலாளருக்கு ஒரு பாராட்டும் அதில் இருந்தது. தாங்கிகளைப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். மூத்தவர்தான் ஏற்றினார். எனக்கு வயிறெரிகிறது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? நேற்று வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன, முடியலையா?” என்று கேட்டீர்களே. “ஒண்ணுமில்ல” என்று பதில் வந்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது உங்களுக்கு!

படிவம் ஒன்றுதான் கையில் இல்லை.