ஏலக்காரர் கூவிய பட்டியல்

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் ரகசியம் என்கிற ஒன்றையே ஒழித்துக் கட்டியவர் ஏலக்காரர். அப்பன் ஆத்தா வைத்த பேர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கும். வேறெங்கும் கிடையாது.

கரையில் மீன் ஏலம் கூவிக் கூவி, எதையும் மூன்று தரம் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி. டீக்கடையில் போய் நின்று, "ஒரு டீ ஒரு தரம், ஒரு டீ ரெண்டு தரம்" என்பார். மருமகளுக்கு வலி எடுத்தபோது ஆட்டோவையும் அப்படித்தான் கூப்பிட்டார். குழந்தை மூன்றாம் தரத்துக்குக் காத்திருக்கவில்லை.

மீன் விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம். கூடையை மணலில் கொட்டு, எல்லாரும் பார்க்கட்டும், அப்புறம்தான் விலை. காதோடு காதாக விலை பேசினவனை மூன்று நாள் ஏலத்தில் சேர்க்க மாட்டார்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் யாரோ என் மேல் மனு போட்டுவிட்டார்கள். நான் வண்ணாரப்பேட்டையில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, இங்கே மீனவர் நிவாரணம் வாங்குகிறேனாம். ஒரு அதிகாரி வந்தார். அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். அப்புறம் முடிவு என்னவென்று பேச்சே இல்லை. நாற்பது வருஷம் தலை நிமிர்ந்து மீன் விற்றவள் நான். குழாயடிக்குப் போனால் பெண்டுகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

ஏலக்காரர் என்னை அந்த அதிகாரியின் மீன்வளத்துறை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"விசாரணை முடிஞ்சிச்சா சார்?"

"முடிஞ்சுது. ஆனா அதை வெளியில சொல்றதில்ல, பெரியவரே."

"இன்னா சார் இது, கூடைய மூடி வெச்சிகினு மீன் விக்கிற மாறி கீது. இந்தம்மாவ ஊரே ஒரு மாறியா பாத்துகினு கீது."

"பாதி கேஸ் இன்னும் முடியல. அவங்க பேரைச் சொன்னா பாவம் இல்லையா?"

"அத்த நான் கேக்கல. கரைக்கி வராத மீன நான் ஏலம் வுட்டதே இல்ல. முடிஞ்சத்த மட்டும் குடு."

அதிகாரி மேலே யாருக்கோ போன் போட்டார். பிறகு முடிந்த கேஸ்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லி, எங்களுக்கும் ஒரு நகல் தந்தார். ஏலக்காரர் படித்தார், மடித்து ஜோபியில் வைத்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மானம் போச்சு என்றுதான் நினைத்தேன். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். கேட்கவோ தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் கரையில் எல்லாரையும் கூட்டினார். முதலில் என் பேர். "குப்பத்துலயேதான் குடியிருக்குது, குத்தம் ஒண்ணியும் இல்ல." மூன்று தரம். குழாயடிக்காரிகள் மணலைப் பார்த்தார்கள்.

அடுத்த பேரில் நின்றுவிட்டார்.

"இன்னா மாமா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் மீன் வெட்டும் ராணி.

"இரும்மே, கண்ணாடி தொடைக்கிறேன்."

துடைத்துவிட்டு ஒரு பேரைக் கூவினார். "ஒரே வூட்டுல ரெண்டு கார்டு, ரெண்டு நிவாரணம். குத்தம் உண்டு. திருப்பிக் கட்டணும்."

பாதிப் பேருக்கு அந்தப் பேர் யாரென்றே தெரியவில்லை.

"யாரு மாமா அது?"

"நான்தான்," என்றார். மறுபடி ரெண்டு தரம் கூவினார். மூன்றாவதுதான் ரொம்பச் சத்தம்.

கூட்டம் கலைந்த பிறகு, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. நான் ரெண்டு டீ வாங்கிக்கொண்டு போய், ஊரே பார்க்கிற மாதிரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போ தங்கச்சி, உன்னியும் பேசுவாங்க."

"பேசட்டும்ண்ணே," என்றேன். டீ தீர்ந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.